புகையின் சாட்சியம்

1

பதினோரு மாதங்கள் என் காரின் டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எஞ்சின் படம் போட்ட சின்ன விளக்கு. வீடு விழுப்புரத்தில், வேலை திண்டிவனத்தில். இடையே சுமார் 40 கிலோமீட்டர். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியையும் கூட்டேரிப்பட்டையும் தினம் இருமுறை கடந்தபடி அந்த விளக்கைப் பார்த்து வந்ததில் சில கேள்விகள் மனசில் ஊறிவிட்டன. கார் அவற்றுக்கு ஒரு நிமித்தம்தான் என்று புரிய வெகுநாள் ஆயிற்று. இந்தப் பக்கங்களில் ஒரு கார் எஞ்சினைப் பற்றி எழுதுவதற்கு இதைத் தவிர என்னிடம் சமாதானம் இல்லை.

வண்டி 2014இல் செய்யப்பட்டது, பெட்ரோலில் ஓடுவது, நான் இரண்டாம் கையாக வாங்கியது. விழுப்புரத்தில் ஒரு பட்டறையில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார்கள். பி 0171 என்று வந்தது. இந்தக் குறியீட்டுக்கு ஒரு இலக்கணம் உண்டு. ‘பி’ என்றால் வண்டியை ஓட்டும் எஞ்சின் பகுதி. அடுத்து வரும் பூஜ்யம், எல்லாக் கம்பெனி வண்டிகளுக்கும் இது பொது என்பதற்கு அடையாளம். ஒன்று, காற்றும் எரிபொருளும் அளக்கப்படுவது சம்பந்தமானது. முழுசாகச் சேர்த்துப் படித்தால்: கலவை லீனாக இருக்கிறது, காற்று அதிகம், பெட்ரோல் கம்மி.

ஒரு கிராம் பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். இந்த விகிதம் கலைந்திருக்கிறதா என்பதை எஞ்சின் நேரே பார்த்துக்கொள்ள முடியாது. எரிந்து முடிந்து வெளியேறும் புகையில் ஒரு சென்சாரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விரல் அளவு ஸிர்கோனியா பீங்கான். அதன் ஒரு பக்கத்தில் புகை; மறு பக்கத்தில் நாம் சுவாசிக்கும் வெளிக்காற்று. இரண்டிலும் உள்ள ஆக்ஸிஜனின் வித்தியாசம் சிறிய மின்னழுத்தமாகிறது. புகையில் ஆக்ஸிஜன் மிஞ்சியிருந்தால் 0.1 வோல்ட் அளவில், இல்லாவிட்டால் 0.9 அளவில். கம்ப்யூட்டர் இதைப் படித்து, குறைவென்றால் பெட்ரோலைக் கூட்டும், அதிகமென்றால் குறைக்கும். கூட்டியது மீறிப்போகும், குறைப்பதும் மீறிப்போகும். சரியான விகிதத்தில் அது ஒரு கணமும் நிற்பதில்லை. அதன் இரு புறமும் ஊசலாடிக்கொண்டேதான் இருக்கும். உண்மையோடு நமக்குள்ள உறவும் இதைவிட மேலானதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்த விளக்குக்கு ஒரு பூர்வோத்தரம் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் மேல் கவிந்து கண்ணைக் கரித்த மூட்டம் கார் புகையிலும் வெயிலிலும் பிறப்பது என்பதை ஹாகன்-ஸ்மிட் என்ற ரசாயன விஞ்ஞானி 1950களின் தொடக்கத்தில் காட்டினார். 1976இல் இந்த சென்சார் முதன்முதலாகக் கார்களில் ஏறியது. கார் தன்னைத் தானே சோதித்து, குற்றத்தைப் பொதுக் குறியீட்டில் சொல்லவேண்டும் என்பது அமெரிக்காவில் 1996 மாடல் கார்களுக்குக் கட்டாயமாயிற்று. நம் நாட்டில் 2013இல். எங்கோ ஒரு நகரத்தின் கண்ணெரிச்சல், அரை நூற்றாண்டுக்கு மேல் பிரயாணம் செய்து, விக்கிரவாண்டி ரோட்டில் என் முகத்துக்கு நேரே மஞ்சளாக வந்து நின்றது.

2

விழுப்புரத்துப் பட்டறைக்காரர் இளைஞர். டிப்ளமோ படித்தவர். ஸ்கேனரை நம்புகிறவர், அதைப் படிக்கவும் தெரிந்தவர். எஞ்சின் சும்மா ஓடும்போது கம்ப்யூட்டர் வழக்கத்தைவிட 23 சதவீதம் அதிகம் பெட்ரோல் கொடுக்கிறது, 2,500 சுற்றுக்குக் கொண்டுபோனால் அந்த அதிகம் 6ஆகக் குறைகிறது என்று எனக்குக் காட்டினார். அவர் தர்க்கம் அழகானது. எங்கோ ஒரு ரப்பர் குழாய் வெடித்து, கணக்கில் வராத காற்று எஞ்சினுக்குள் நுழைகிறது. சும்மா ஓடும்போது மொத்தக் காற்றே கொஞ்சம். அதில் திருட்டுக் காற்றின் பங்கு பெரிது. வேகத்தில் மொத்தம் பெருகுகிறது. திருட்டின் பங்கு சிறுத்துவிடுகிறது. எண்களும் காரணமும் கச்சிதமாகப் பொருந்தின. குழாய்களை மாற்றினார். உறிஞ்சும் பக்கத்து கேஸ்கெட்டை மாற்றினார். இன்ஜெக்டர்களைச் சுத்தம் செய்தார். ஒவ்வொரு முறையும் விளக்கு சில நாள் அணைந்திருந்து மறுபடி எரிந்தது. கடைசியில் சென்சாரையே மாற்றினார். புதிய சென்சாரும் பழையது சொன்னதையே சொன்னது.

திண்டிவனத்தில் இருக்கும் பாய்க்கு அறுபது வயசுக்கு மேல். கார்புரேட்டர் காலத்து மனுஷர். ஸ்கேனர் எல்லாம் இல்லை. ஒரு பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். கரேல் என்று இருந்தது. பெட்ரோல் குறைந்து ஓடும் எஞ்சினில் பிளக் வெளுத்திருக்கும். அதிகமாகக் குடிக்கும் எஞ்சினில்தான் கரி படியும். “இது பெட்ரோல் பத்தாத வண்டி இல்ல சார். வாந்தி எடுக்கிற வண்டி” என்றார். லிட்டருக்கு 16 கொடுத்துக்கொண்டிருந்தது 13 கொடுப்பதையும் சொன்னேன். தலையை ஆட்டினார். அவர் தீர்ப்பு: சென்சார் பொய் சொல்கிறது. “இப்பத்தான் புதுசு போட்டது பாய்” என்றேன். “புதுசுன்னா பொய் சொல்லாதா?” என்றார்.

கிராமத்து அனுபவ ஞானம் படித்தவனின் கருவியை வென்றது என்று இந்தக் கதையை முடிப்பவர்கள் உண்டு. நம் சிறுகதைகளில் அப்படி நிறைய முடிந்திருக்கின்றன. நடந்தது அதுவல்ல. பாயும் தவறாகத்தான் இருந்தார். விழுப்புரத்துக்காரர் சென்சாரை நம்பிப் பிளக்கைப் பார்க்கவே இல்லை. பாய் பிளக்கைப் பார்த்து சென்சாரைப் பொய்யனாக்கினார். இரண்டு சாட்சிகள் எதிரெதிராகப் பேசினால் ஒருவன் பொய்யனாகத்தான் இருக்கவேண்டும் என்பதில் இருவருக்கும் அபிப்பிராய பேதம் இல்லை. எனக்கும் அப்போது இல்லை.

3

இந்த இடத்தில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லியாகவேண்டும்.

எட்டாவது மாதத்தில் வண்டியை விற்றுவிடத் தீர்மானித்தேன். எங்கள் கிளையில் கடைநிலை ஊழியராக இருக்கும் ஒருவர், மகள் பிரசவத்துக்கு வரப்போகிறாள், ஒரு வண்டி இருந்தால் தேவலை என்று சொல்லிக்கொண்டிருந்தார். “உங்க வண்டின்னா கண்ண மூடிட்டு வாங்கலாம் சார்” என்றார். பழைய கார் கன்சல்டிங் நடத்தும் ஒருவரிடம் விலை விசாரித்தபோது அவர் யோசனை சொன்னார்: “லைட்டோட காட்டாதீங்க சார். அழிச்சிட்டுக் காட்டுங்க. ரெண்டு நிமிஷ வேல.”

அழிக்கச் சொன்னேன். வாஸ்தவமாகவே இரண்டு நிமிஷம்தான். கம்ப்யூட்டர் அதுவரை கற்றதெல்லாம் மறந்துபோகிறது. பிறகு தப்பை அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் கண்டால்தான் விளக்கை ஏற்றும். என் வண்டிக்கு நான்கு நாள் பிடித்தது. அந்த நான்கு நாட்களில் ஒரு விசித்திரம் நேர்ந்தது: வண்டி சரியாகிவிட்டது என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது. சத்தம் குறைந்தாற்போல, இழுவை கூடினாற்போல. ஏமாற்ற நினைத்தவன் முதலில் ஏமாறுகிறான் என்பதைப் படித்திருக்கிறேன்; அனுபவித்தது அப்போதுதான்.

மூன்றாம் நாள் அவர் வந்து வண்டியைப் பார்த்தார். சாவியைத் திருகி உட்கார்ந்துகொண்டு, “வண்டி எப்படி சார்?” என்று கேட்டார். “பாருங்க, ஒரு லைட்கூட எரியல” என்றேன். நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

ஐந்தாம் நாள் விளக்கு எரிந்தது. பணம் கைமாறவில்லை. அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “நான் வண்டியக் கேட்டேன். நீங்க லைட்டச் சொன்னீங்க” என்றார். அவ்வளவுதான். அவர் வேறு வண்டி வாங்கிக்கொண்டார். இப்போதும் என்னை சார் என்றுதான் கூப்பிடுகிறார். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு என்னிடமிருந்து எதையும் வாங்கமாட்டார்.

அந்த வாக்கியத்தை நான் விடவில்லை, அல்லது அது என்னை விடவில்லை. பொருளைக் கேட்டால் அறிகுறியைச் சொல்வது. நெறியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பொய்யையும் மெய்யையும்தான் பிரதானமாக எடுத்துக்கொள்கிறார்கள். கேட்கப்படாத ஒன்றுக்கு மெய்யான பதிலைச் சொல்லித் தப்பிப்பது எந்தக் கணக்கில் வரும்? சென்சாரைப் பிடுங்கி எறியலாம் என்ற பாயும், விளக்கை அழித்த நானும் செய்ய முனைந்தது ஒன்றே: சாட்சியை அப்புறப்படுத்திவிட்டால் வழக்கு முடிந்தது என்று பாவித்துக்கொள்வது.

ஸ்கேனரில் இன்னொரு பக்கம் உண்டு என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். குறியீட்டை அழித்ததும், வண்டி தன்னைச் சோதித்துக்கொள்ளும் பரீட்சைகள் வரிசையாக அதில் ‘முடியவில்லை’ என்று காட்டும். விளக்கு எரியவில்லை என்பதால் குற்றமில்லை என்று அது சொல்வதில்லை; இன்னும் பார்த்து முடிக்கவில்லை என்கிறது. என் தொழிலில் இதற்கு ஒரு இடம் இருக்கிறது. ஒரு தொகை எந்தத் தலைப்பில் சேரும் என்று தெரியாவிட்டால் அனாமத்துக் கணக்கில் போட்டு வைப்போம். அது அவமானம் இல்லை. தெரியாததைத் தெரிந்த தலைப்பில் எழுதுவதுதான் மோசடி.

4

விடை கிடைத்தது மார்கழியில், ஒரு தற்செயலால். சென்சாரைக் கழற்றிப் பார்க்கலாம் என்று பாய் சொன்னதால், ஒரு சாயங்காலம் வண்டியை அவர் பட்டறையிலேயே விட்டுவிட்டு ரயிலில் விழுப்புரம் திரும்பினேன். மறுநாள் காலை நான் போய்ச் சேரும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பாய் பானெட்டின் மேல் குனிந்து என்னைப் பேசாமலிருக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். டிக் டிக் டிக் என்று மெல்லிய சத்தம். ஐந்து நிமிஷத்தில் தேய்ந்து மறைந்துபோயிற்று.

எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் மேனிஃபோல்டில் ஒரு போல்ட் முறிந்திருந்தது. அங்கே கேஸ்கெட் வெந்து ஒரு ஓரம் போயிருந்தது. சுற்றிலும் விரலளவு கரித் தடம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இடைவெளி பெரிது, சத்தம் கேட்கும். சூடேறியதும் இரும்பு விரிந்து இடைவெளி சிறுத்து, சத்தம் அடங்கிவிடும். ஆனால் முழுக்க மூடுவதில்லை. புகை சீராக ஓடும் ஆறு அல்ல. துடிப்பு துடிப்பாக வருவது. இரண்டு துடிப்புகளுக்கு நடுவில் குழாயின் அழுத்தம் வெளிக்காற்றுக்குக் கீழே இறங்கும் கணங்கள் உண்டு. அந்தக் கணங்களில் அந்தக் கீறல் வெளிக்காற்றை உள்ளே உறிஞ்சிக்கொண்டிருந்தது. சென்சார் நிற்பது அதற்கு அடுத்தபடி. தன்னைக் கடந்துபோகும் புகையில் ஆக்ஸிஜன் இருப்பதாக அது சொன்னது. இருந்தது. அது எரியாமல் மிஞ்சிய ஆக்ஸிஜன் என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. ஆகவே எஞ்சின் பசியில் வாடுவதாக முடிவு செய்து மேலும் மேலும் பெட்ரோலைக் கொட்டியது. போதுமான அளவு உண்டுகொண்டிருந்த எஞ்சின் கரி கக்கிற்று. பிளக்கும் உண்மைதான் சொன்னது. வேகத்தில் புகையின் அழுத்தம் மிகுந்து, நுழையும் காற்றின் பங்கு குறைந்துவிடுவதால், விழுப்புரத்துக்காரர் பார்த்த எண்களும் அப்படியே பொருந்தின. எல்லாச் சாட்சிகளும் மெய் பேசியிருக்கிறார்கள். கோளாறு அவர்களுக்கு நடுவில், எவரும் நிற்காத ஒரு இடத்தில் இருந்தது.

பதினோரு மாதமாக இது ஏன் அகப்படவில்லை? திண்டிவனத்துக்கு வண்டி வந்து சேர்வது 40 கிலோமீட்டர் ஓடிய சூட்டோடு. விழுப்புரத்திலும் வங்கி விட்டு வந்த பிறகு, சாயங்காலம், சூட்டோடுதான் பட்டறைக்குப் போனேன். குளிர்ந்த நிலையில் அதை யாரும் கேட்டதில்லை. தினமும் காலையில் கிளப்பிய என்னைத் தவிர. நான் ஜன்னலை ஏற்றிவிட்டு ரேடியோ போடுகிறவன்.

புகையிலிருந்து நெருப்பை ஊகிப்பது நம் தர்க்கத்தின் அரிச்சுவடி. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவணர் கற்பிக்கும் பாடத்திலும் மலையும் புகையும் அடுக்களையும் வருகின்றன. கண்ணில் படுவது புகையா, பனியா என்ற ஐயம் தீராதபோதே நெருப்பு என்று துணிவதையும் அங்கே பிழைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. நையாயிகர்கள் இன்னும் ஒரு படி போகிறார்கள். புகை இருக்குமிடத்தில் நெருப்பு இருக்கும். ஆனால் நெருப்பு இருக்குமிடமெல்லாம் புகை இருக்கும் என்று சொல்லக்கூடாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. புகை வரவேண்டுமானால் விறகு ஈரமாக இருக்கவேண்டும். சொல்லாமல் கூடவே ஒளிந்திருந்து ஊகத்தைத் தாங்கும் அந்த ஈரத்துக்கு அவர்கள் ‘உபாதி’ என்று பெயர் வைத்தார்கள். தமிழில் அந்தச் சொல்லின் சாயை நோவு என்ற அர்த்தத்தில் நடமாடுவது தற்செயலாக இருக்கலாம். ஆக்ஸிஜன் இருந்தால் பெட்ரோல் குறைவு என்ற ஊகத்துக்கும் ஒரு உபாதி உண்டு: எஞ்சினுக்கும் சென்சாருக்கும் நடுவே குழாயில் கீறல் இருக்கக்கூடாது. கம்ப்யூட்டரை எழுதியவர்கள் அதை நிபந்தனையாக நினைக்கக்கூட இல்லை. குழாய் என்றால் முழுசாகத்தானே இருக்கும்.

5

இனி நம் விஷயம்.

விமர்சகன் நிற்குமிடம் புகைக் குழாய். எரிதல் வேறெங்கோ, வேறொருவனுக்குள் நடந்து முடிந்துவிட்டது. வெளியே வருவதை இவன் முகர்ந்து பார்க்கிறான்; தான் சுவாசிக்கும் காற்றோடு ஒப்பிடுகிறான். வித்தியாசத்தைச் சொல்கிறான். க.நா.சு. ரசனையை நம்பித் தீர்ப்பைச் சொன்னவர். அலசிக் காட்டாத தீர்ப்பு தீர்ப்பாகாது என்று 1959இல் ‘எழுத்து’ தொடங்கிய செல்லப்பா நின்றார். பிளக்கைப் பார்க்கிறவரும் ஸ்கேனர் பார்க்கிறவரும். இந்தச் சண்டையில் எந்தப் பக்கம் என்று நாமும் வெகுகாலம் கட்சி கட்டியிருக்கிறோம். இரண்டு முறைக்கும் அடியில் கேட்கப்படாத ஒரு கேள்வி இருக்கிறது: படைப்புக்கும் உனக்கும் நடுவில் உள்ள குழாய் முழுசாக இருக்கிறதா?

ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜ் மாணவர்களிடம் ஆசிரியர் பெயர் இல்லாத கவிதைகளைக் கொடுத்து எழுதி வாங்கியதை 1929இல் புத்தகமாகப் போட்டார். கவிதையில் இல்லாத, படிக்கிறவனின் சொந்த ஞாபகங்களும் தயாராக வைத்திருக்கும் உணர்ச்சிகளும் வாசிப்புக்குள் நுழைந்து எப்படித் தீர்ப்பாக உருமாறுகின்றன என்பதற்கு அதைவிட நல்ல பட்டியல் இல்லை. கல்லூரியில் அதைப் பரீட்சைக்காகப் படித்தேன். மற்ற மாணவர்களின் கீறல்கள் என்று நினைத்துப் படித்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு இளைஞரின் முதல் கவிதைத் தொகுதியைப் பற்றி எழுதினேன். வறட்சியானது, சொற்சிக்கனம் என்ற பெயரில் வெறும் காற்று, என்று சொன்னேன். உதாரணங்கள் கொடுத்தேன், அலசிக் காட்டினேன், எண்களும் காரணமும் பொருந்தின. நண்பர்கள் நல்ல கட்டுரை என்றார்கள். போன வருஷம் அவருடைய இரண்டாம் தொகுதி வந்தது. சொற்கள் வழிகின்றன. ஒவ்வொரு படிமத்துக்கும் மேல் இன்னொரு படிமம். ஒரு கவிதைக்குக் கீழே நான் என் மதிப்புரையில் எழுதியிருந்த வாக்கியமே கோரிக்கையாக நின்று, அதற்கு அவர் கீழ்ப்படிந்திருப்பதைப் போல இருந்தது. பசி என்று நான் சொன்னேன், அவர் ஊற்றிக்கொண்டார். பக்கமெல்லாம் கரி.

மார்கழிக்குப் பிறகு முதல் தொகுதியை மறுபடி எடுத்தேன். வறட்சி இல்லை. மிகவும் அளந்து எரிந்த கவிதைகள். அப்படியானால் நான் முகர்ந்த அந்த வெறுமை எங்கிருந்து வந்தது? அது இருந்தது, நான் இட்டுக்கட்டவில்லை. அந்த மதிப்புரை எழுதிய வருஷம்தான் நான் கவிதை எழுதுவதை நிறுத்தியிருந்தேன். நிறுத்தினேன் என்பதைவிட வரவில்லை என்பதே சரி. அதை எவரிடமும் சொல்லவில்லை. அந்தக் கீறல் வழியாக நுழைந்த காற்றைத்தான் நான் இன்னொருவரின் கவிதையில் அளந்திருக்கிறேன். சத்தம் ஒருவேளை கேட்டிருக்கும். கையில் பென்சிலோடு, அபிப்பிராயச் சூட்டோடு புத்தகத்தைத் திறக்கிறவனுக்கு அது எங்கே கேட்கும்?

இதிலிருந்து ‘எல்லா விமர்சனமும் சொந்த விருப்புதான்’ என்று யாராவது சந்தோஷப்பட்டால் அது சென்சாரைப் பிடுங்கி எறிகிற காரியம். குழாயைச் சரிசெய்த பிறகு அதே சென்சார்தான் என் வண்டியை ஓட்டுகிறது. தீர்ப்பு சொல்லக்கூடாது என்பதும் என் வாதமில்லை. அது விளக்கை அழித்துவிட்டு வண்டியைக் காட்டுவது. எனக்குத் தோன்றும் கடமை இவற்றைவிடச் சின்னது, கஷ்டமானது. என் அறிகுறி எதைச் சொல்கிறதோ அதை மட்டும் அது சொல்வதாக எடுத்துக்கொள்வது; காரணம் என்று எழுதுவதற்கு முன், எனக்கும் அந்தப் பொருளுக்கும் நடுவில் உள்ள தூரத்தைக் கையால் தடவிப் பார்ப்பது. பார்த்து முடியவில்லையானால் முடியவில்லை என்று எழுதுவது. நம் மதிப்புரைகளில் அந்த வார்த்தையை நான் கண்டதில்லை. என் மதிப்புரைகளிலும் இல்லை.

புது போல்டும் கேஸ்கெட்டும் கூலியும் சேர்த்து, அதற்கு முன்பு மாற்றிய சென்சாரின் விலையில் பாதிகூட ஆகவில்லை. கம்ப்யூட்டர் அதிகமாகக் கொடுத்துக்கொண்டிருந்ததைச் சில நாளில் தானே குறைத்துக்கொண்டது. விழுப்புரத்து இளைஞரிடம் விஷயத்தைச் சொன்னபோது தன் நோட்டில் குறித்துக்கொண்டார். பாய், சென்சார் பொய் என்று தான் சொன்னதை இப்போது ஒப்புக்கொள்வதில்லை.

அந்தக் கவிஞருக்கு நான் இன்னும் கடிதம் எழுதவில்லை. எழுதினால் அதுவும் ஒரு மதிப்புரையாகி, அவர் இன்னொரு தரம் கீழ்ப்படிந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. முதல் தொகுதியைப் பற்றிய என் தீர்ப்பை அனாமத்தில் மாற்றி வைத்திருக்கிறேன். அனாமத்தில் ஒரு தொகை நாள்பட்டுக் கிடந்தால், ஆடிட்டர் வந்ததும் முதலில் கேட்பது அது எத்தனை நாள் பழசு என்றுதான். இது இரண்டு வருஷப் பழசு.